நிஜப் போர்டில் சோதித்தது

யந்த்ராவை இன்னும் யாராவது பயன்படுத்துகிறீர்களா என்று வருடத்துக்கு ஒரு தடவை எங்கள் தலைமைப் பொறுப்பாளர் யோஸ்ட் கேட்பார். மெயில் குழுவில், உலகத்துக்கே பொதுவாகத்தான் கேட்பார். ஆனால் பதில் சொல்ல வேண்டியவள் நான் ஒருத்தி. யந்த்ரா என்பது எங்கள் பக்கத்து ஆறு. அந்த ஆற்றின் பெயரில், டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரான ரூசேயில் ஒரு தொழிற்சாலை ஒரு காலத்தில் கணினிச் செயலி தயாரித்தது. தொழிற்சாலை மூடிவிட்டது, அங்கே இப்போது சோபா விற்கிறார்கள். ஆனால் கர்னலுக்குள், அதாவது கணினியைத் தட்டி எழுப்பி மற்ற எல்லா நிரல்களுக்கும் அடியில் கிடந்து உழைக்கிற அந்தப் பகுதிக்குள், யந்த்ராவுக்கென்று இன்னும் ஒரு மூலை இருக்கிறது. அந்த மூலையின் பொறுப்பாளர் என்று ஒக்னியானா என்ற என் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.

சம்பளம் கிடையாது. பகலில் ஒரு ஜெர்மன் கம்பெனிக்கு உழைத்துவிட்டு மிச்சம் இருக்கிற மூளையை இதில் போட வேண்டும். மேலே யாரோ ஒரு புண்ணியவான் எதையாவது அழகுபடுத்துவான், கீழே யந்த்ரா படுத்துக்கொள்ளும், நான் போய் எழுப்புவேன். அடுத்த மாதம் இன்னொரு புண்ணியவான் வருவான். பாராட்டு என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. சரியாக ஓடினால் யாருக்கும் நினைப்பு வராது. ஓடாவிட்டாலும் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் வைத்திருப்பவர்களே இல்லை. எனக்கு அலுத்துவிட்டது. இன்று நேற்றல்ல, அலுத்துப் பல காலம் ஆகிறது.

பின்னே ஏன் விடவில்லை என்றால், எவ்லோகி அண்ணனுக்காக.

எவ்லோகி அண்ணன் அந்தத் தொழிற்சாலையில் போர்டு பிரிவில் இருந்தவர். இப்போது சந்தைக்குப் பின்னால் ஒரு சின்னக் கடையில், வியாபாரிகளின் பில் போடும் மெஷின்களைப் பழுது பார்க்கிறார். யந்த்ரா செயலி பதித்த ஒரு போர்டு அவரிடம் இருந்தது. என்னுடையது ஒரு செப்டம்பரில் பால்கனியில் மிளகாய் சுடும்போது போனது. சுடுகிற அடுப்பும் போர்டும் ஒரே பிளக்கில் இருந்தன, பட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு உலகத்திலேயே எனக்குத் தெரிந்து ஓடுகிற யந்த்ரா அவருடையது ஒன்றுதான்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் தன் இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தால், அந்த மாற்றத்தின் அடியில் ‘சோதித்தவர்’ என்று தன் பெயரைப் போடுவார். யாரும் சாட்சி கேட்க மாட்டார்கள். சொன்னால் சொன்னதுதான். பெயர் அங்கே என்றைக்கும் அழியாமல் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் கர்னலின் புதிய சோதனைப் பதிப்பு வரும். திங்கட்கிழமை காலை, நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே எவ்லோகி அண்ணனின் போன் வரும்.

“ஓடுது புள்ள.”

“நல்லா பாத்தீங்களா அண்ணே?”

“பாக்காம சொல்வனா? ஓடுது. சூடா சீஸ் பனித்சா வாங்கி வெச்சிருக்கேன், வேலைக்குப் போறப்ப வந்து எடுத்துக்க.”

நான் அவர் பெயரைச் சேர்த்து அனுப்புவேன். ஒருநாள் அவரிடம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தேன். “அண்ணே, உங்க போர்டு என்னிக்கு போகுதோ அன்னிக்கு நானும் இதைத் தலைமுழுகிருவேன். யந்த்ராவை மொத்தமா எடுத்துடற பேட்ச் எழுதியே வெச்சிருக்கேன். அனுப்பறதுதான் பாக்கி.” அது பொய்யில்லை. அந்த பேட்ச், அதாவது திருத்தக் கோப்பு, என் கணினியில் பல வருடமாகத் தயாராக இருந்தது. எப்போதாவது ரொம்ப வெறுத்துப்போனால் திறந்து பார்ப்பேன். நீக்க வேண்டியவை என்று கழித்தல் குறி போட்ட வரிகளாகவே இருக்கும். பார்க்கவே நிம்மதியாக இருக்கும்.

இந்த மார்ச்சில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு வந்தது.

“இன்ஜினியரம்மாங்களா? ஒக்னியானா அம்மா?”

“ஆமா. யாரு?”

“என் பேரு ஸ்தாமெனுங்க. ஆத்தோரம் பம்ப் ஹவுஸ்ல எலெக்ட்ரீஷியன். எங்க பெட்டி எந்திரிக்க மாட்டேங்குது. மகள் நெட்ல தேடிப் பாத்துச்சு. யந்த்ரான்னு போட்டா உங்க பேரு ஒண்ணுதான் வருதாம்.”

எனக்கு சந்தோஷம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருடம் வாயே திறக்காமல் எங்கே இருந்தார்கள் இந்த மனிதர்கள்?

விஷயம் இதுதான். டான்யூப் ஏறும்போது கரைக்கு உட்புறத்துத் தாழ்ந்த வயல்களில் தண்ணீர் ஊறிவிடும். அதை இறைத்து ஆற்றுக்குள்ளேயே தள்ள பம்ப் ஹவுஸ்கள் உண்டு. மட்டம் பார்த்துத் தானாகப் பம்பைப் போட்டு நிறுத்துவது அந்தப் பெட்டி. அதற்குள் இருப்பது யந்த்ரா. தொழிற்சாலை மூடும் முன் கடைசியாக விற்றதில் சில இப்படிப் போயிருக்கின்றன போலும். ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் தொடவில்லை. இப்போது மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்திருக்கிறது. நெட்டில் இணைந்திருக்கிற எந்தப் பெட்டியிலும் பழைய கர்னல் இருக்கக்கூடாது. ஒப்பந்தக்காரர் வந்து புதியதைப் போட்டார். பெட்டி பாதியில் நின்றது. ஒப்பந்தக்காரர் போய்விட்டார்.

“அப்ப பம்பை யாரு போடறா?” என்று கேட்டேன்.

“நான்தான். கையால. இங்கயே கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கேன். வீட்டுப் பக்கம் போயே நாளாச்சு. பொண்டாட்டி போன்ல கேக்கறா, பம்புக்கே தாலி கட்டிட்டியான்னு.”

“பழசையே திரும்பப் போட்டுக்க வேண்டியதுதானே?”

“போட்டா ஓடும்மா. ஆனா நெட் லைனைப் பிடுங்கிடுவாங்க. லைன் இல்லாட்டி ராத்திரி ஏதாச்சும் ஆனா யாருக்கும் தெரியாது. அப்பவும் ஆள் படுத்தாகணும். அந்த ஆளு நான்தான்.”

பெட்டியில்தான் கோளாறு என்றேன். போன திங்கட்கிழமைகூட இங்கே ஒரு போர்டில் இதே கர்னல் ஓடியது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “உதிரிக்குன்னு இன்னொரு பெட்டி இருக்கும்மா, சீல் பிரிக்காதது. அதுலயும் போட்டுப் பாத்தேன். அதே எடத்துல நிக்குது.”

நான் பழைய பதிப்புகளின் பட்டியலைத் திறந்தேன்.

இப்படி ஆகும்போது செய்வதற்கு ஒரு முறை இருக்கிறது. பழையது ஓடுகிறது, புதியது ஓடவில்லை. நடுவில் மாற்றங்கள் மலைபோலக் கிடக்கின்றன. சரிபாதியில் உள்ள ஒன்றை எடுத்து ஓட்ட வேண்டும். ஓடினால் குற்றம் அதற்குப் பிந்திய பாதியில், ஓடாவிட்டால் முந்திய பாதியில். மிஞ்சியதை மறுபடி பாதியாக்க வேண்டும். ஒன்றே ஒன்று மிஞ்சும்வரை இப்படியே போக வேண்டும். கெட்டிக்காரத்தனம் ஒன்றும் வேண்டாம், பொறுமை வேண்டும். என்னிடம் மிச்சம் இல்லாதது அதுதான்.

நான் அந்தந்தப் பதிப்பின் கர்னலைத் தொகுத்து நெட்டில் வைப்பேன். ஸ்தாமென் மகளின் லேப்டாப்பில் இறக்கி, மெமரி கார்டில் ஏற்றி, பெட்டியில் சொருகுவார். இடையில் தண்ணீர் ஏறினால் பம்பைப் போட ஓடுவார். நான் போனில் காத்திருப்பேன். பின்னணியில் மோட்டார் சத்தமும் ஒரு நாயின் குரைப்பும் கேட்கும்.

“என்ன தெரியுது?”

“எழுத்தா ஓடுச்சு. நின்னுடுச்சு.”

“கடைசி வரி என்ன?”

“டைமர்னு ஏதோ. அப்புறம் ஒரு புள்ளி.”

“ஒரு புள்ளிதானா, மூணு புள்ளியா?”

“ஒண்ணுதாம்மா. கண்ணாடி போட்டுத்தான் பாத்தேன்.”

முதலில் எடுத்த நடுப்பதிப்பே ஓடவில்லை. அது எவ்லோகி அண்ணன் ஓடுகிறது என்று சொன்ன பதிப்பு. சரி, பெட்டிக்கும் போர்டுக்கும் ஏதாவது வித்தியாசம் இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அடுத்ததும் ஓடவில்லை. அதற்கும் அவர் ஓடுகிறது என்று சொல்லியிருந்தார். அதற்கு அடுத்தது ஓடியது. ஸ்தாமென் போனிலேயே கூச்சல் போட்டார், நாயும் சேர்ந்துகொண்டது. நான் மட்டும் அந்தப் பதிப்பின் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குற்றம் எந்தக் காலத்தில் நடந்தது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. நேற்று முந்தாநாள் நடந்ததில்லை. வருடங்களாகிவிட்டன.

கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு வரி. டைமர் சில்லுக்கு ஒரு எண்ணை எழுதிவிட்டு, அதையே ஒரு தடவை திரும்ப வாசிக்கும் வரி அது. வாசித்ததை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்வதில்லை. பார்ப்பவனுக்கு வேண்டாத வரி என்றுதான் தோன்றும். உண்மையில், எழுதியது சில்லுக்குப் போய்ச் சேரும்வரை நிற்கத்தான் அந்த வாசிப்பு. யாரோ ஒரு பையன் குப்பை கூட்டுகிற உற்சாகத்தில் அதையும் கூட்டித் தள்ளியிருந்தான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை, அவன் யந்த்ராவைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். ஆனால் அந்த மாற்றத்தின் அடியில் இருந்தது: சோதித்தவர், எவ்லோகி.

நிஜமான சில்லில் அந்த வரி இல்லாமல் ஓடவே ஓடாது. ஓடுவதற்கு ஒரே ஒரு இடம் உண்டு. கணினிக்குள்ளேயே யந்த்ராவைப் போல நடிக்கிற, எமுலேட்டர் என்ற ஒரு நிரல் இருக்கிறது. அதில் எழுதியது எழுதிய கணமே போய்ச் சேர்ந்துவிடும், காத்திருக்க வேண்டியதே இல்லை. அந்த நடிப்பு யந்த்ராவில் எல்லாமே ஓடும்.

கோட்டைக்கூட ஒழுங்காகப் போடாமல் சந்தைப் பக்கம் நடந்தேன். கடையில் எவ்லோகி அண்ணன் ஒரு பில் மெஷினைக் குடலோடு பிரித்து வைத்திருந்தார். மணிக்கட்டில் மார்ச் மாதத்தில் நலம் வேண்டிக் கட்டுகிற சிவப்பு வெள்ளை நூல், நான் கட்டிவிட்டதுதான்.

“உங்க போர்டு எங்க அண்ணே?”

“வீட்ல இருக்கு. ஏன்?”

“ஓடுதா?”

“உக்காரு. காபி போடறேன்.”

“ஓடுதான்னு கேட்டேன்.”

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக ஒரு மூடிக்குள் போட்டார். எல்லாவற்றையும் போட்டு முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

“செத்துப்போச்சு.”

“எப்ப?”

“உன் வீட்டுக்காரன் உன்னை விட்டுட்டு வியன்னாவுக்குப் போனானே, அந்தக் குளிர்காலத்துல.”

அதற்குப் பிறகு எத்தனை திங்கட்கிழமைகள்! எத்தனை ஞாயிறுகளை நான் இதில் கொட்டினேன்! ஊரெல்லாம் ஆற்றங்கரையில் நடக்கப் போகும்போது, ஓடாத ஒன்றை ஓடுகிறது என்று நம்பிச் செப்பனிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே.

“ஏன் அண்ணே இப்படிப் பண்ணீங்க? நடிக்கிற யந்த்ராவுல ஓட்டிட்டு ஓடுது ஓடுதுன்னு சொன்னீங்களே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அன்னிக்கே தப்பிச்சிருப்பேனே!”

“அதுக்குத்தான் சொல்லல.” அவர் குரல் எழும்பவே இல்லை. “அந்தக் குளிர்ல நீ யார்கிட்டயும் பேசல. வேலைக்குப் போவ, வருவ. திங்கக்கிழமை காலைல என்கிட்ட மட்டும் பேசுவ. அதுவும் டைமரு, மெமரின்னு. போர்டு செத்துச்சுன்னா நீ அந்த பேட்சை அனுப்பிடுவ. அப்புறம் யார்கிட்ட என்னத்தப் பேசுவ? உனக்கு இது ஒண்ணுதானே புடிமானம்னு நெனச்சேன்.”

“எனக்கா? அண்ணே, நான் உங்களுக்காகல்ல விடாம இருந்தேன்! ஃபேக்டரி போச்சு, இதையாவது உங்க கண்ணு முன்னாடி உயிரோட வெச்சிருப்போம்னு!”

எவ்லோகி அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது! “ஃபேக்டரியா? அந்த எழவெடுத்த ஃபேக்டரில என் முதுகே போச்சு. அதை இடிச்ச அன்னிக்கு வேடிக்கை பாக்கக்கூட நான் போகல. அப்புறம் சோபா வாங்கத்தான் போனேன், அதுவும் நல்லா இல்ல.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் தெம்பில்லை. அவர் போட்டுக்கொடுத்த காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன், மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் அந்த ஒரு வரியைத் திரும்பப் போட்டு ஸ்தாமெனுக்கு அனுப்பினேன். போனில் மோட்டார் சத்தம் கேட்டது. அவர் குரல் வரவில்லை.

“ஸ்தாமென்? என்ன ஆச்சு? நின்னுடுச்சா?”

“இருங்கம்மா.” கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “நான் கையை வைக்கல. தானா போட்டுச்சு. தண்ணி போகுது.”

சோதித்தவர், ஸ்தாமென், என்று எழுதித் திருத்தத்தைக் குழுவுக்கு அனுப்பினேன். இது இந்தப் பதிப்பிலேயே சேர்ந்தாக வேண்டும். ஏனென்றால் இந்தப் பதிப்பைத்தான் பல வருடங்களுக்குப் பாதுகாத்துத் திருத்தம் தந்துகொண்டிருப்பார்கள். இதில் சேர்ந்துவிட்டால் மேலிடமும் பேசாது, ஸ்தாமென் வீட்டுக்குப் போகலாம். விளக்கத்தில் எவ்லோகி அண்ணனைப் பற்றி ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

யோஸ்ட் விடுகிற ஆளா? மரியாதையாகவே கேட்டார். இந்த வரியை எடுத்த மாற்றம் சோதிக்கப்பட்டது என்று பதிவாகியிருக்கிறதே, பின்னே அது எப்படித் தேறியது?

நான் பதிலை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். உண்மையைச் சொன்னால், யந்த்ராவுக்கு இத்தனை காலம் சோதனையே இல்லை என்றாகும். சோதனை இல்லாததை வைத்திருக்கக் கூடாது என்பது யோஸ்ட்டின் சட்டம், இந்தப் பதிப்பிலிருந்தே தூக்கினாலும் தூக்குவார். அப்புறம் திருத்தம் எங்கே சேரும், ஸ்தாமென் எங்கே வீட்டுக்குப் போவார்? எவ்லோகி அண்ணனைப் பார்த்து வேறு ஊர் சிரிக்கும். ஏதாவது சொல்லி மழுப்பினால் எல்லாம் தப்பிக்கும். ஆனால் நானும் பொய் சொன்னவர்கள் பட்டியலில் சேர்ந்துவிடுவேன், அதற்கு மேல் அங்கே யார் பெயருக்கும் மதிப்பிருக்காது. மழுப்பலாகத்தான் எழுதி முடித்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. அனுப்பப் போகும்போது குழுவில் வேறொரு மெயில் வந்து விழுந்தது.

எவ்லோகி அண்ணனுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். அதனால் மெயிலும் குட்டியாக இருந்தது. ‘என் போர்டு வருடங்களுக்கு முன் செத்துவிட்டது. எமுலேட்டரில் சோதித்தேன். சொல்லவில்லை. ஒக்னியானாவுக்குத் தெரியாது. என் பெயர் உள்ள சோதனைகளை நம்ப வேண்டாம். பம்ப் உண்மை. அந்த மனிதர் வீட்டுக்குப் போகட்டும்.’

நான் எழுதியதை அழித்தேன்.

குழுவில் முன்பின் தெரியாத ஒருவன் இப்படிப்பட்டவர்களை நுழையவே விடக்கூடாது என்று நீட்டி முழக்கினான். இன்னொருவன் அதற்கு ஆமாம் போட்டான். அவர் கடையில் தனியாக உட்கார்ந்து அகராதியோடு அதைப் படித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தபோது அவருக்காக வலித்தது. அத்தனை கோபத்துக்கு நடுவிலும் எனக்கு அப்படித்தான் இருந்தது.

மறுநாள் யோஸ்ட் எழுதினார். நிஜப் பெட்டியில் ஓடியிருப்பதால் திருத்தத்தை இந்தப் பதிப்பில் சேர்த்துவிட்டார். அடுத்த பதிப்பிலிருந்து யந்த்ரா வேண்டாம். ‘ஒக்னியானா, நீக்கும் பேட்சை நீங்களே அனுப்புகிறீர்களா?’

ஸ்தாமெனின் மனைவி போன் செய்து நன்றி சொன்னாள். கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாராம், வந்ததும் படுத்தவர் இன்னும் எழவில்லையாம்.

நான் பேட்சைத் திறந்தேன். காலத்துக்கேற்பச் சில இடங்களைச் சரிசெய்தேன். கழித்தல் குறிகளாகவே ஓடிய அந்த வரிகளில் பாதி நான் எழுதியவை, ஒவ்வொன்றையும் எந்தக் கோபத்தில் எழுதினேன் என்பதுகூட நினைவிருந்தது. இத்தனை வருடம் இதற்காகத்தானே ஏங்கினேன்? நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். களைப்புதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பேட்சைப் பார்வைக்காகக் குழுவுக்கு அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை பல் துலக்கும்போது போன் அடிக்கவில்லை. வாய் கொப்பளித்துவிட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு கணினியைத் திறந்தேன். என் பேட்சுக்கு ஒரே ஒரு பதில் வந்திருந்தது.

‘சோதித்தவர்: எவ்லோகி. நிஜப் போர்டில் சோதித்தது. ஓடவில்லை.’

நான்தான் அவரைக் கூப்பிட்டேன்.

“என்ன அண்ணே இது, விளையாட்டா?”

“விளையாட்டு என்ன? இனிமே பொய் சொல்றதா இல்ல. பரண்லேர்ந்து போர்டை எறக்கி, தூசி தட்டி, கேபிளைச் சொருகி, நீ அனுப்பினதை ஏத்திட்டுத்தான் எழுதினேன்.”

“செத்த போர்டுல எவ்வளவு நேரம் பாத்துட்டு இருந்தீங்க?”

“காபி ஆறிப்போற வரைக்கும். சரி, பனித்சா வாங்கி வெச்சிருக்கேன். வரியா, வேற யாருக்காச்சும் குடுத்துடவா?”

“வரேன்,” என்றேன். கிளம்பும் முன் உட்கார்ந்து, பேட்சின் அடியில் அவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் சேர்த்து, யோஸ்ட்டுக்கு அனுப்பினேன்.